இடது பக்கத்து இரைச்சலும் ஏழு வால்வுகளும்: ஒரு போனோ பிரீஆம்ப் ஆய்வு

"வால்வு மாத்தியும் போகலை கண்ணு" என்றுதான் மாமா போனில் ஆரம்பித்தார். அவருடைய போனோ பிரீஆம்பில், அதாவது ரெக்கார்ட் பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டியில், இருக்கும் வெற்றிடக் குழாய்களைத்தான் வால்வு என்கிறார். மாமா என்றால் அப்பாவின் நண்பர். கோவையில் ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டுகள்தான்: நாதஸ்வரம், வீணைக் கச்சேரிகள், எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள்.

அவருக்கு இரண்டு குறை. ஒன்று, பாட்டு நின்ற இடத்தில் இடது ஸ்பீக்கரில் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு, ஜால்ராவும் பாடகிகளின் 'ஸ'வும் காதைக் கூசுகின்றன. இரண்டுக்கும் வால்வுதான் காரணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் டெலிஃபங்கன் கம்பெனியின் பழைய ஈசிசி83 வகை வால்வு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவிட்டார். அந்தக் காசுக்கு ஊசியோடு வரும் நல்ல கார்ட்ரிட்ஜே ஒன்று வாங்கியிருக்கலாம். தூறல் நிற்கவில்லை.

பெட்டி அவருடைய பழைய சகா ஒருவர் கையால் கட்டியது. அலுமினியம் சேசிஸ், மேலே மூன்று ஒன்பது பின் வால்வுகள். முதல் இரண்டும் ஈசிசி83, அதாவது அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7. மூன்றாவது ஈசிசி82. ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் இரண்டு ட்ரையோடு (எலக்ட்ரானை விடும் கேத்தோடு, சிக்னல் நுழையும் கிரிட், அது பெருகி வெளிவரும் பிளேட் என மூன்று உறுப்புள்ள பெருக்கி) இருப்பதால் ஒரு பாதி இடது சேனலுக்கு, மறு பாதி வலதுக்கு. கார்ட்ரிட்ஜில் இருந்து வரும் சில மில்லிவோல்ட்டை முதல் வால்வு சுமார் 60 மடங்கு பெருக்கும். அதன் பிறகு ரெசிஸ்டரும் கண்டன்சரும் மட்டும் கொண்ட ஆர்ஐஏஏ வலை. ரெக்கார்டில் அடி ஒலியைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதை இங்கே திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் 19.6 டெசிபல் இறக்கம். அப்புறம் இரண்டாவது வால்வு இன்னொரு தடவை பெருக்கும். மூன்றாவது வால்வு பெருக்குவதில்லை, வெளியே போகும் கேபிளை ஓட்டுவதற்காக மட்டும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் வால்வு போடுகிற இரைச்சலும் இரண்டாவது வால்வால் பெருக்கப்படும். மூன்றாவது வால்வு போடுகிற இரைச்சலை யாரும் பெருக்குவதில்லை. எனவே வால்வுக்குச் செலவு செய்வதாக இருந்தால் முதல் பேஸுக்கு (வால்வைச் செருகும் இடம்) செய்வதுதான் நியாயம். மூன்றிலும் விலை உயர்ந்த வால்வைப் போடுவது கோபுரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் ஒரே பொன்முலாம் பூசுவது போல.

வால்வைத் தொடுவதற்கு முன்

போன உடனே வால்வை மாற்றவில்லை. மீட்டரைத்தான் எடுத்தேன். உள்ளே 255 வோல்ட் டிசி இருந்தது. ஸ்விட்சை அணைத்தாலும் கண்டன்சரில் அது கொஞ்ச நேரம் தங்கும்; மீட்டர் சுழியத்துக்கு வந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். மில்லில் 400 வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவர் மாமா. அவரே ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மறு கையால் அளப்பார்.

முதலில் சிக்கியது ஹீட்டர். வால்வின் கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். அளந்தால் 6.9க்கு மேல். ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. அன்று இரவு சுவர் பிளக்கில் 243 வோல்ட் வந்துகொண்டிருந்தது. பத்து சதவீதம் அதிகம். இப்படியே வருடக்கணக்கில் எரிந்தால் கேத்தோடு சீக்கிரம் களைத்துப்போகும், கிரிட் வரை அழுக்கு படியும், நல்ல வால்வும் இரைச்சல் போட ஆரம்பிக்கும். மூன்று வால்வும் சேர்ந்து 0.9 ஆம்பியர் இழுக்கின்றன. குறைக்க வேண்டியது 0.6 வோல்ட். 0.68 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். 6.3க்கு வந்து நின்றது. ரெசிஸ்டரின் விலை டீக் காசு.

அடுத்து, இடது பக்கத்துத் தூறல் வால்வில் இருந்துதான் வருகிறதா என்பது. இதற்குப் புது வால்வு எதுவும் தேவையில்லை. முதல் பேஸில் இருப்பதும் இரண்டாவதில் இருப்பதும் ஒரே வகை. இடம் மாற்றிச் செருகினால் போதும். தூறல் வால்வோடு இரண்டாவது பேஸுக்குப் போனால் அங்கே பாதிக்கும் மேல் அடங்கிவிடும். மாற்றினேன். அதே இடது, அதே அளவு. வால்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"அப்போ நான் குடுத்த காசு?"

"இருக்கட்டும் மாமா, வீணாகாதுங்க" என்றேன். அப்போது எனக்கும் நம்பிக்கை இல்லை.

பிளேட் வோல்ட்டேஜ் வலது பாதியில் 165, இடது பாதியில் 152. இரண்டுக்கும் 100 கிலோ ஓம் என்று வரைபடம் சொல்கிறது. ஒரு முனையைக் கழற்றி அளந்தால் இடது ரெசிஸ்டர் 118 கிலோ ஓம். பழுப்பு நிறத்தில் உருளையாக இருக்கும் பழைய கார்பன் காம்போசிஷன் வகை. ஈரம் ஏற ஏற மதிப்பு மேலே போவது இந்த வகையின் குணம். கூடவே, தன் மேல் விழும் டிசி வோல்ட்டேஜுக்கு ஏற்றபடி தனியாக ஓர் இரைச்சலும் போடும். இங்கே அதன் மேல் 100 வோல்ட் விழுகிறது. இடது, வலது இரண்டையும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக மாற்றினேன். வால்வு பேஸ்களின் பின் ஓட்டைகளைப் பல் இடுக்குத் தேய்க்கும் குட்டி பிரஷ்ஷில் காண்டாக்ட் கிளீனர் தொட்டுச் சுத்தம் செய்தேன். தூறல் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்லிய 'உஸ்'.

வால்வுப் பேச்சு இதற்குப் பிறகுதான் பொருத்தம். பலர் இந்த இடத்துக்கு வராமலே ஐந்தாறு ஜோடி வாங்கிவிடுகிறார்கள்.

எது பொருந்தும், எது பொருந்தாது

ஒன்பது பின் என்பதால் எல்லாம் எல்லாவற்றிலும் போகும் என்ற எண்ணம் ஆபத்தானது. மாமாவிடம் ஒருவர் "ஈ88சிசி போடுங்க சார், சொர்க்கம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வால்வு பேஸுக்குள் அழகாக உட்காரும். ஆனால் ஈசிசி83க்கு 6.3 வோல்ட் தரும்போது 4ஆம் பின்னையும் 5ஆம் பின்னையும் சேர்த்து ஒரு முனை, 9ஆம் பின் மறு முனை. ஈ88சிசியின் ஹீட்டரோ 4க்கும் 5க்கும் நடுவே இருக்கிறது. 9 வெறும் உள் தடுப்பு. ஆக, இந்தப் பெட்டியில் அது எரியவே எரியாது. 4, 5க்கு நடுவே 12.6 வோல்ட் தரும் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரட்டிப்பு போய்க் கருகிவிடும். ரஷ்ய 6என்2பி வால்வும் இப்படித்தான். பெருக்கத்தில் ஈசிசி83க்கு அண்ணன் தம்பி, பின் அமைப்பில் வேறு வீடு.

ஹீட்டர் பொருந்துகிறவற்றிலும் எல்லாம் சரிவராது. ஈசிசி83இன் பெருக்கக் காரணி 100. 5751 என்ற வால்வுக்கு 70. ஈசிசி81க்கு 60. ஈசிசி82க்கு 20க்கும் கீழே. முதல் பேஸில் ஈசிசி82ஐப் போட்டால் 60 மடங்கு 14 மடங்காகும், சத்தம் 12 டெசிபலுக்கு மேல் இறங்கும், பின்னால் இருப்பவற்றின் இரைச்சல் முன்னால் வந்து நிற்கும். ஈசிசி81க்கு வேறு ஒரு கோளாறு. அதன் உள் தடை ஈசிசி83ஐ விட மிகவும் குறைவு. நம் ஆர்ஐஏஏ வலையில் முதல் வால்வின் தடையும் ஓர் உறுப்பு, கணக்கில் சேர்த்தே கண்டன்சர் மதிப்பைத் தேர்ந்திருப்பார்கள். அதை மாற்றினால் வளைவே அரை டெசிபலுக்கு மேல் கோணலாகும். "இந்த வால்வில் அடி ஒலி வேறு மாதிரி கேட்கிறது" என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. வால்வின் குரல் என்று அவர்கள் நினைப்பது பல நேரம் ஆர்ஐஏஏ நகர்ந்த கதை.

டைனகோ பிஏஎஸ், மரான்ட்ஸ் 7 மாதிரிப் பெட்டிகளில் ஆர்ஐஏஏ வலை, வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக்கில் இருக்கிறது. அங்கே வால்வு மாற்றினால் வித்தியாசம் குறைவாகத்தான் கேட்கும். ஒரு விதிவிலக்கு அடி ஒலி. 1000 ஹெர்ட்ஸில் 100 மடங்கு தரும் பெட்டி 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 1000 மடங்கு தர வேண்டும். இரண்டு நிலை ஈசிசி83 கையில் வைத்திருப்பதே சுமார் 3600 மடங்கு. இரண்டையும் 5751 ஆக்கினால் கையிருப்பு 2000க்கும் கீழே போய்விடும், ஆழ்ந்த அடி ஒலி தளர்ந்துபோகும். மாமாவின் பெட்டி அந்த வகை இல்லை. சரி.

ஏழு ஸ்டிக்கர்

சோதனைக்கு ஏழு வால்வுகள் சேர்ந்தன. பெட்டியோடு வந்தது ஒன்று, எழுத்து அழிந்துபோனது. மாமா வாங்கிய ஜோடி. என் டிராயரில் கிடந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஈசிசி83 ஒன்று. பெங்களூரில் பெல் கம்பெனி வால்வு செய்த காலத்தின் மிச்சம் அது. பழைய வால்வு ஆம்பிளிஃபயர்களைப் பிரித்தால் இன்னும் கிடைக்கும், வெளிநாட்டிலும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்லோவாக்கியாவில் செய்யும் புதிய ஜேஜே ஈசிசி83எஸ் ஒன்று. ஜெனரல் எலக்ட்ரிக் 5751 ஒன்று. ஒரு நண்பர் "திருப்பித் தந்துடணும்" என்று நான்கு தடவை சொல்லிக் கொடுத்த முல்லார்டு ஒன்று.

முல்லார்டின் அடிக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி இருந்தது. மேல் வரி ஐ61. அது ஈசிசி83 வகையின் குறி. கீழ் வரி பி7டி2. பி என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை, 7 ஆண்டின் கடைசி இலக்கம், டி ஏப்ரல், 2 இரண்டாவது வாரம். மேலே அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், இந்தக் குறியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாமாவின் ஜோடியைத் திருப்பிப் பார்த்தேன். டெலிஃபங்கனின் ஜெர்மன் ஆலை வால்வு என்றால் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு வைர வடிவம் பதிந்திருக்கும். இரண்டிலும் இல்லை. வெள்ளை எழுத்து விரலால் தேய்த்ததும் வந்துவிட்டது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு பொய்யி. வால்வும் பொய்யா?" என்றார். நல்ல கேள்வி.

ஏழுக்கும் 1 முதல் 7 வரை ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒவ்வொன்றையும் முதல் பேஸில் போட்டு அரை மணி நேரம் சூடாகவிட்டு, உள்ளீட்டை ஷார்ட் செய்து, லேப்டாப்பில் யுஎஸ்பி சவுண்டு கார்டு வழியாக இரைச்சலைப் பார்த்தேன். பாதிக்குப் பாதி தனித்தனியாக. பிறகு பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியில் ஒரு தட்டு. மைக்ரோஃபோனிக் வால்வாக இருந்தால் ஸ்பீக்கரில் 'ணிங்' என்று சில நொடி ஒலிக்கும். அப்படிப்பட்டதை முதல் பேஸில் வைத்தால் தவில் வாசிக்கும்போது ஸ்பீக்கரின் அதிர்வே வால்வுக்குள் புகுந்து திரும்ப வரும்.

ஒன்று கோயில் மணி போல ஒலித்தது, வெளியே வைத்தோம். இன்னொன்றில் ஒரு பாதி சுத்தம், மறு பாதி பொரிகடலை. எது எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. ஒற்றை வால்வை வைத்துக் கம்பெனிக்கு மார்க் போடுவது ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து ஊர்ச் சாப்பாட்டுக்கே தீர்ப்பு சொல்வது மாதிரி. ஒரே கம்பெனி, ஒரே வாரம், ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகளுக்குள்ளேயே இரைச்சல் மாறும்.

மிச்சம் ஐந்தும் நெருக்கமாக நின்றன. அதில் ஆச்சரியம் இல்லை. இந்த மின்னோட்டத்தில் நல்ல ஈசிசி83 ஒன்று போடும் இரைச்சல், உள்ளீட்டுப் பக்கம் பார்த்தால், கிட்டத்தட்ட 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவதற்குச் சமம். கேட்கும் எல்லை முழுவதற்கும் ஒரு மைக்ரோவோல்ட்டுக்குள். கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட். எல்பியின் பள்ளத்தில் ஊசி உரசும் சத்தமே இதைவிடப் பெரிது.

கூசலைத் தேடி

இரைச்சல் முடிந்தது. இன்னும் மாமாவின் இரண்டாவது குறை, அந்தக் கூசல்.

கேட்டுப் பார்க்கும் முன் சத்தத்தைச் சமமாக்க வேண்டும். 5751இல் முதல் நிலைப் பெருக்கம் சுமார் 44 மடங்கு, ஈசிசி83ஐ விட 2.7 டெசிபல் குறைவு. சமப்படுத்தாமல் கேட்டால் சத்தம் கூடியதைத்தான் காது 'தெளிவு' என்று சொல்லும். 1000 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றை உள்ளே தந்து, வெளியே மீட்டரில் அளந்து, வால்யூம் குமிழில் பென்சில் கோடு போட்டுக்கொண்டேன். மாமா பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒரு நாதஸ்வர எல்பியின் அதே மூன்று நிமிடம், திரும்பத் திரும்ப.

ஈசிசி83க்குள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. முல்லார்டு எது, ஜேஜே எது என்று ஒரு தடவைகூட நிலையாகப் பிடிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை. ஆனால் 5751 வந்தபோது ஆறு தடவையில் நான்கு தடவை "இதுல கூசல் கம்மிங்" என்றார். ஆறுக்கு நாலு என்பது நாணயம் சுண்டினாலும் வரக்கூடியதுதான். ஆனாலும் அவர் சொன்ன திசை எனக்கு ஒரு பொறியைத் தட்டியது.

வால்வின் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், இருக்கிறது. ஈசிசி83இல் 1.7 பிகோஃபாரட். அதைத் தனியாகப் பார்த்தால் தூசு. ஆனால் கிரிட் ஏறும்போது பிளேட் 60 மடங்கு எதிர்ப்பக்கம் இறங்குவதால், உள்ளீட்டில் இருந்து பார்ப்பவருக்கு அது 61 மடங்காகத் தெரியும். மில்லர் விளைவு என்று பெயர். 1.7ஐ 61ஆல் பெருக்கினால் 104, வயரிங்கோடு சேர்த்து சுமார் 115 பிகோஃபாரட். 5751இல் 1.4, 45 மடங்கு, எல்லாம் சேர்த்து 70 சொச்சம். இரண்டுக்கும் சுமார் 40 பிகோஃபாரட் வித்தியாசம்.

இது ஏன் காதுக்குத் தெரிய வேண்டும்? மாமாவின் கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ. அதன் சுருளுக்கு 550 மில்லிஹென்றி. சுருளும் எதிரே இருக்கும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்தால் ஓர் இடத்தில் மேடு கட்டும், அதற்கு மேல் சரியும். அதனால்தான் கேபிள், பிரீஆம்ப் எல்லாம் சேர்த்து 100 முதல் 200 பிகோஃபாரட்டுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். இங்கே எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். டோன்ஆர்ம் வயரும் ஒன்றரை மீட்டர் கேபிளும் 150. வால்வு 115. அப்புறம் உள்ளீட்டு சாக்கெட்டிலேயே ஒரு சின்ன செராமிக் கண்டன்சர் பற்றவைத்திருந்தது; 100 பிகோஃபாரட். ரேடியோ நுழையாமல் இருக்கவோ, அப்போது இருந்த வேறு கார்ட்ரிட்ஜுக்காகவோ போட்டிருப்பார்கள். மொத்தம் 365.

பிரீஆம்ப் உள்ளீட்டின் 47 கிலோ ஓம் சுமையோடு தோராயமாகக் கணக்குப் போட்டால் 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2.5 டெசிபல் மேடு வருகிறது. ஜால்ராவும் 'ஸ'வும் குடியிருக்கும் இடமே அதுதான். 5751ஐப் போட்டதும் மேடு 2 டெசிபலுக்கு இறங்கியிருக்கும். மாமாவின் காது பிடித்தது அந்த அரை டெசிபலாக இருக்கலாம். வால்வின் 'இனிமை' என்று நாங்கள் நினைத்தது கார்ட்ரிட்ஜுக்கும் கேபிளுக்கும் நடந்த சண்டையில் வால்வு தன் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டதுதான்.

அப்படியென்றால் வால்வைக் கொண்டு ஏன் சரிசெய்ய வேண்டும்? இரண்டு சேனலிலும் அந்த 100 பிகோஃபாரட் கண்டன்சரைக் கழற்றினேன். கெபாசிட்டன்ஸ் குறைவான கேபிளில் அரை மீட்டர் குட்டையாக ஒரு ஜோடி செய்து, பிரீஆம்பை ரெக்கார்ட் பிளேயருக்குப் பக்கத்திலேயே நகர்த்தினோம். மொத்தம் 215க்கு வந்தது. கணக்குப்படி மேடு ஒரு டெசிபலுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தத் தடவை முதுகைக் காட்டி உட்கார வேண்டிய அவசியமே வரவில்லை. மாமா எல்பியைத் திருப்பிப் போட்டு இரண்டாவது பக்கத்தையும் கேட்டார். ஒத்து தனியாக, சீவாளியின் மூச்சு தனியாகக் கேட்டது.

முதல் பேஸில் கடைசியாக நின்றது 5ஆம் எண் ஸ்டிக்கர், புது ஜேஜே. காரணம் குரல் இல்லை. தட்டினால் அதிகம் ஒலிக்காத குட்டைப் பிளேட், இரண்டு பாதியும் ஒரே அளவு அமைதி, நாளைக்கு இன்னொன்று வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும். பெட்டியோடு வந்த ஈசிசி82 இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. முல்லார்டு நண்பரிடம் பத்திரமாகத் திரும்பிப் போனது.

மாமாவின் ஜோடி என்னாயிற்று என்றால், அதில் ஒன்றான 3ஆம் எண் இரைச்சல் வரிசையில் இரண்டாவதாக வந்தது. யார் செய்ததோ தெரியாது, நல்ல வால்வு. அதை இரண்டாவது பேஸில் போட்டோம். வெள்ளை எழுத்தை மாமா துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் செருகினார்.

கழற்றிய இரண்டு செராமிக் கண்டன்சர்களையும் தூக்கிப்போடப் போனேன், விடவில்லை. ஆர்டோஃபோன் 2எம் ரெட் வாங்கும் எண்ணம் ஒன்று அவருக்கு இருக்கிறது; அது 150 முதல் 300 பிகோஃபாரட் வரை கேட்கும் கார்ட்ரிட்ஜ், இப்போதைய 215உம் அதற்குள்தான் என்றாலும். இரண்டையும் செலோ டேப்பில் மூடியின் உள்பக்கம் ஒட்டி, பக்கத்தில் மார்க்கரால் '100 பி.எஃப்., உள்ளீடு' என்று எழுதித் தேதியும் போட்டார்.